பதினாறு யானை இழுத்தும் அசையாத பீரங்கி: குமரி மாவட்டத்தில் வண்டி மீட்ட கதை

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கப்பட்டுள்ளது.)

பஸ்ல, மெட்ரோவுல, இல்ல ராத்திரி பாத்திரம் கழுவிக்கிட்டு, எப்படிக் கேட்டாலும் சரி, வாங்க.

ஒரு காட்சியில இருந்து ஆரம்பிக்கலாம். நீங்க போற வழியில ஒரு லாரி பள்ளத்துல சரிஞ்சு கிடக்கு. கூட்டம் நிக்குது, போலீஸ் நிக்குது. சாயங்காலம் அதே வழியில திரும்பி வர்றீங்க. லாரி அங்க இல்ல. ரோட்டுல கொஞ்சம் கண்ணாடித் தூள், கொட்டின ஆயில் மேல தூவின மண், அவ்வளவுதான். இருபது டன் எடையுள்ள ஒரு பொருளை யாரோ அங்கிருந்து எடுத்துட்டுப் போயிருக்காங்க. யாரு? எதை வச்சு?

நாம வண்டி ஓடுற வரலாற்றைப் பத்தி நிறையப் பேசுறோம். முதல் கார், முதல் பஸ், முதல் ரயில். ஆனா வண்டி நின்னு போனா, கவிழ்ந்தா, சேத்துல புதைஞ்சா அதை வெளிய எடுக்குறதுக்கும் ஒரு வரலாறு இருக்கு. கயிறு, கப்பி, நெம்புகோல், செயின், வின்ச், கிரேன்னு அது தனியா ஓடுது. இன்னைக்கு அந்தக் கதையை இந்தியாவோட தென்கோடியில, நாஞ்சில் நாட்டுல இருந்து பார்க்கப்போறோம்.

யானை பலம் ஏன் போதல?

நாகர்கோவில்ல இருந்து தக்கலைக்குப் போற வழியில புலியூர்க்குறிச்சின்னு ஒரு ஊர். அங்க உதயகிரிக் கோட்டை இருக்கு. 1741 ஆகஸ்ட்ல குளச்சல்ல டச்சுப் படையை மார்த்தாண்ட வர்மா தோற்கடிச்சார் இல்லையா, அப்போ பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாய் பிறகு திருவிதாங்கூர் படைக்கே தலைமை தாங்கினார். உதயகிரிக் கோட்டையைப் பலப்படுத்தினதுல அவருக்குப் பெரிய பங்கு உண்டு. அவரோட கல்லறையும் அந்தக் கோட்டைக்குள்ளதான் இருக்கு.

கோட்டைக்குள்ள பீரங்கி வார்க்குற பட்டறை ஒண்ணு இருந்துச்சு. அங்க வார்த்த ஒரு பீரங்கியைப் பத்தி பழைய திருவிதாங்கூர் குறிப்புகள்ல ஒரு சங்கதி வருது. நீளம் 16 அடி. அதை நகர்த்த ஆயிரம் ஆட்களையும் 16 யானைகளையும் கட்டி இழுத்தாங்களாம். சில அங்குலம்கூட அசையலையாம்.

குமரி மாவட்டத்துல தோத்துப்போன முதல் 'டோயிங்' வேலைன்னு இதைச் சொல்லலாம். கொஞ்சம் கதை கட்டி ஊதியிருக்கலாம். இருந்தாலும் அதுக்குள்ள ஒரு உண்மை இருக்கு. பதினாறு யானையும் ஒரே நொடியில, ஒரே திசையில இழுத்தாத்தான் பதினாறு யானை பலம். ஒண்ணு முந்தி, ஒண்ணு பிந்தி, ஒண்ணு இடதுபக்கம் சாய்ஞ்சு இழுத்தா அந்த பலத்துல பாதி காத்துல போயிடும். மிச்சம் கயித்தை அறுக்குறதுலயும் மண்ணைக் கிளறுறதுலயும் போயிடும்.

கனமான ஒண்ணை மீட்கிற வேலையில முதல் பாடம் இதுதான். பலம் அப்புறம். எங்க கட்டுறோம், எந்தப் பக்கம் இழுக்குறோம், நகர்ந்த பிறகு எதை வச்சு நிறுத்துறோம், இது மூணும்தான் முதல்ல.

தேர் சொல்லிக்கொடுத்தது

இந்த மூணையும் நாஞ்சில் நாடு வண்டி வர்றதுக்கு ரொம்ப முன்னாலயே தெரிஞ்சு வச்சிருந்துச்சு. சுசீந்திரம் தாணுமாலயன் கோயில் மார்கழித் தேரோட்டத்தை நேர்ல பார்த்தவங்களுக்கு இது உடனே புரியும். பார்க்காதவங்களுக்குச் சொல்றேன்.

தேருக்கு எஞ்சினும் கிடையாது, பிரேக்கும் கிடையாது. முன்னால வடம். நூத்துக்கணக்கான பேர் பிடிச்சு இழுக்கிறது அதைத்தான். ஆனா நின்ன தேரை முதல்ல அசைக்கிறது வடம் மட்டும் இல்ல. பின்னால பெரிய மரத்தடியைச் சக்கரத்துக்கு அடியில கொடுத்து நெம்பணும். திருநெல்வேலிப் பக்கம் இதைத் 'தடி போடுறது'ன்னு சொல்லுவாங்க. அதுக்குன்னே கைதேர்ந்த ஆட்கள் உண்டு. மூணாவது, சக்கரத்துக்கு முன்னால போடுற கட்டை. தேர் வேகம் எடுத்தா அடக்குறதுக்கும், தெரு முனையில திருப்புறதுக்கும், நிறுத்துறதுக்கும் அதுதான். 'முட்டுக்கட்டை போடாதே'ன்னு நாம சாதாரணமாத் திட்டுறோமே, அந்த முட்டுக்கட்டை தேர் ஓட்டத்துல உயிர் காக்குற சாமான்.

இழுக்க வடம், கிளப்ப தடி, பிடிச்சு நிறுத்தக் கட்டை. இன்னைக்கு ஒரு ரெக்கவரி வேனைத் திறந்து பாருங்க. வடத்துக்குப் பதிலா வின்ச்சும் ஒயர் ரோப்பும். தடிக்குப் பதிலா ஹைட்ராலிக் ஜாக்கி. கட்டை மட்டும் மாறவே இல்ல, அதே மரக்கட்டைதான் ஒரு மூலையில கிடக்கும்.

தேர்ல இன்னொரு விஷயமும் உண்டு. எல்லாரும் ஒரே நேரத்துல இழுக்கணும்னா ஒருத்தர் குரல் கொடுக்கணும். கடற்கரையில கரமடி இழுக்குறவங்களும் அப்படித்தான். ரெண்டு பக்கமும் வரிசையா நின்னு, குரலுக்குக் குரல் கொடுத்து, கடலுக்குள்ள கிடக்குற வலையைக் கரைக்கு இழுக்குறாங்க. அந்தக் குரலை வெறும் பாட்டுன்னு நினைச்சிடாதீங்க. பதினாறு யானையால முடியாததை அதுதான் செஞ்சு காட்டுது, தனித்தனி பலத்தை ஒரே நொடியில ஒண்ணாச் சேர்க்குது.

ஒரு ஓடை, மூணு கம்பம்

இப்போ கொஞ்சம் தூரம் போவோம். அமெரிக்காவுல டென்னசி மாநிலம், சட்டனூகா நகரம். 1916. எர்னஸ்ட் ஹோம்ஸ்னு ஒருத்தர் அங்க கராஜ் வச்சிருந்தார். தெரிஞ்சவர் ஒருத்தரோட ஃபோர்டு மாடல் டி கார் ஓடையில கவிழ்ந்துடுச்சு. ஹோம்ஸ் போனார். ஆறேழு பேர், கட்டைகள், கயிறுகள். காரை வெளிய எடுக்குறதுக்குள்ள ஒரு நாளே ஓடிப்போச்சு.

வேலை முடிஞ்சதும் அவர் மனசுல ஒரு கேள்வி. கார்கள் பெருகிக்கிட்டே போகுது. ஒவ்வொண்ணு விழும்போதும் ஆறேழு பேரை ஒரு நாள் பூரா நிறுத்த முடியுமா? அவர் 1913 மாடல் கேடிலாக் கார் ஒண்ணை எடுத்தார். அதோட சட்டத்துமேல மூணு கம்பத்தை நட்டார், ஒரு கப்பி மாட்டினார், செயின் கோத்தார். உலகத்தோட முதல் டோ டிரக்னு பொதுவா சொல்லப்படுறது இதைத்தான்.

முதல் முயற்சி அப்படி ஒண்ணும் கச்சிதமா இல்ல. கனமான வண்டியைப் பக்கவாட்டுல இழுத்தா, இழுக்குற வண்டியே சாய்ஞ்சிடும். அதுக்கு அவர் கண்ட வழிதான் முக்கியம். வண்டிக்கு மேல ஒரு கைக்குப் பதிலா ரெண்டு கை. ஒரு கை விழுந்த வண்டியை இழுக்கும். இன்னொரு கை எதிர்ப்பக்கம் இருக்குற மரத்தையோ வேற எதையோ கட்டிப் பிடிச்சுக்கும். இழுக்குறதும் பிடிக்கிறதும் ஒரே வண்டியில. தேருக்கு வடமும் முட்டுக்கட்டையும் சேர்ந்து வேலை செய்யுற மாதிரிதான் இது. சட்டனூகாவுல இருந்த கராஜ்காரரும் சுசீந்திரத்துல தடி போட்டவரும் ஒருத்தரை ஒருத்தர் கேள்விப்பட்டிருக்கவே வழியில்ல. கனமான பொருள் கேட்குற கேள்வி எந்த ஊர்லயும் ஒண்ணுதான், அதனால பதிலும் ஒண்ணா வந்து நின்னுச்சு.

ரயில் இல்லாத மாவட்டத்துல பஸ் நின்னா

திரும்ப நம்ம ஊருக்கு வருவோம். 1938 பிப்ரவரி 20. திருவனந்தபுரத்துல திருவிதாங்கூர் மகாராஜா சித்திரைத் திருநாள் அரசு பஸ் சேவையைத் தொடங்கி வைக்கிறார். நடத்துறதுக்கு லண்டன் போக்குவரத்து நிறுவனத்துல அனுபவம் இருந்த சால்ட்டர்னு ஒரு ஆங்கிலேயரை வரவழைச்சிருந்தாங்க. இங்கிலாந்துல இருந்து 60 காமர் சேசிஸ் வந்துச்சு, பெர்கின்ஸ் டீசல் எஞ்சினோட. பாடி கட்டினது இங்கேயே, போக்குவரத்துத் துறை ஒர்க்‌ஷாப்புல. ஆரம்ப வருஷங்கள்லயே திருவனந்தபுரம், நாகர்கோவில், கன்னியாகுமரித் தடத்துல அந்த பஸ்கள் ஓடின.

இதுல கவனிக்க வேண்டியது ஒண்ணு உண்டு. குமரி மாவட்டத்துக்கு ரயில் வந்தது 1979-லதான். அதுவரைக்கும் ஆட்கள், தேங்காய், மீன், உப்பு, ரப்பர், கல்யாணச் சீர், எல்லாமே ரோட்டுலதான். 1956 நவம்பர் 1-ம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடுங்கிற நாலு தாலுகாவும் திருவிதாங்கூர்-கொச்சியில இருந்து பிரிஞ்சு அன்றைய மெட்ராஸ் மாநிலத்தோட சேர்ந்துச்சு. அப்போ தமிழ்நாட்டோட மத்த மாவட்டங்கள்ல பெரும்பாலும் தனியார் பஸ்கள். குமரியில மட்டும் அரசு பஸ் ஏற்கெனவே வேரூன்றியிருந்துச்சு.

அரசு பஸ்னா டிப்போ. டிப்போன்னா ஒர்க்‌ஷாப். ஒர்க்‌ஷாப்னா பிரேக்டவுன் வண்டி. நாகர்கோவில் ராணித்தோட்டம் டிப்போ பக்கம் வளர்ந்தவங்களுக்கு இந்த வரிசை தெரியும். செல்போன் இல்லாத காலத்துல வழியில பஸ் நின்னா, எதிர்ல வர்ற பஸ் டிரைவர்கிட்ட சொல்லி அனுப்புறதுதான் வழி. தகவல் டிப்போவுக்குப் போகணும், மெக்கானிக்கும் ஜாக்கியும் செயின் பிளாக்கும் ஏத்திக்கிட்டு வண்டி கிளம்பணும். அதுவரைக்கும் பயணிகள் ரோட்டோரம், புளியமரத்து நிழல்ல.

செயின் பிளாக்கைப் பத்தி ஒரு வார்த்தை. பட்டறையில கூரையில இருந்தோ மூணு கால் நட்டு அதுலயோ தொங்கும். ஒருத்தர் நின்னு சங்கிலியைக் கையால இழுப்பார். மேல ஒரு எஞ்சின் அங்குலம் அங்குலமா ஏறும். கையில ஒரு மீட்டர் சங்கிலி இழுத்தா எஞ்சின் சில சென்டிமீட்டர்தான் ஏறும். தூரத்தைக் கொடுத்து பலத்தை வாங்குற வியாபாரம் அது. ஆயிரம் பேர் வேண்டாம், பொறுமையான ஒருத்தர் போதும்.

போர் விட்டுட்டுப் போன இரும்பு

இதுக்கு நடுவுல ரெண்டாம் உலகப் போர். வட ஆப்பிரிக்கப் பாலைவனத்துல ரெண்டு தரப்புக்கும் ஒரு விஷயம் புரிஞ்சுச்சு. அடிபட்டு நின்ன டாங்கியை ராத்திரியோட ராத்திரியா இழுத்து வந்து சரி பண்ணினா, அடுத்த நாள் அது திரும்பச் சண்டைக்குப் போகும். புதுசா ஒண்ணு கப்பல்ல வர மாசக்கணக்கு ஆகும். அதனால மீட்கிறது தனி ராணுவக் கலையாவே ஆச்சு. பிரிட்டன் 1942 அக்டோபர்ல இதுக்குன்னே ஒரு படைப்பிரிவைத் தொடங்குச்சு. இந்திய ராணுவத்துல 1943 அக்டோபர் 15-ம் தேதி அதே மாதிரி ஒண்ணு. இன்னைக்கும் இ.எம்.இ. அந்த நாளைத்தான் தன் பிறந்தநாளாக் கொண்டாடுது.

போர் முடிஞ்சதும் ராணுவம் வேண்டாம்னு விட்ட வண்டிகள் 'டிஸ்போசல்'னு ஏலத்துக்கு வந்துச்சு. தாத்தா தலைமுறையில யாராவது லாரித் தொழில்ல இருந்திருந்தா அந்த வார்த்தையைச் சொல்லிக் கேட்டிருப்பீங்க. அந்த ராணுவ லாரிகள் பல இடங்கள்ல சரக்கு லாரியாச்சு, பஸ்ஸாச்சு. சிலதுமேல இரும்புக் கம்பமும் வின்ச்சும் ஏறி பிரேக்டவுன் வண்டியாச்சு. ஊர்ப் பட்டறைக்கு யந்திர பலம் வந்து சேர்ந்ததுல போருக்கும் ஒரு பங்கு இருக்கு.

ராணுவம் விட்டுட்டுப் போன இன்னொரு சொத்து கணக்கு. மீட்புப் பணிக்கான ராணுவக் கையேடுகள்ல ஒரு எளிய விதி இருக்கு. நல்ல ரோட்டுல உருள்ற வண்டியை இழுக்க அதோட எடையில இருபத்தஞ்சுல ஒரு பங்கு பலம் போதும். 10 டன் லாரிக்கு 400 கிலோ. அதே லாரி சக்கர உயரத்துக்குச் சேத்துல புதைஞ்சா முழு எடை, 10 டன். மட்கார்டு உயரத்துக்குப் போச்சுன்னா ரெண்டு மடங்கு, 20 டன். கேபின் வரைக்கும் போனா மூணு மடங்கு. கவிழ்ந்ததைத் திருப்பி நிமிர்த்த எடையில பாதி.

இதை நாஞ்சில் நாட்டு நிலத்தோட பொருத்திப் பாருங்க. ரோட்டுக்கு ஒரு பக்கம் வயல், இன்னொரு பக்கம் சானல். பேச்சிப்பாறை அணை 1906-ல முடிஞ்சதுல இருந்து அந்தத் தண்ணி இந்தச் சானல்கள் வழியாத்தான் பாயுது. மழைக்காலத்துல ஒரு லாரி ரோட்டு விளிம்புல இருந்து வயலுக்குள்ள இறங்குச்சுன்னா 400 கிலோ வேலை 20 டன் வேலையா மாறுறதுக்கு நாலடி தூரம்தான். மூணு பேர் தள்ளினா வந்துடும்னு நினைச்சு ஆரம்பிக்கிறது ராத்திரி வரைக்கும் நீளுறது இதனாலதான். உள்ள போன வழியிலேயே பின்னோக்கி இழுத்தா பத்துல ஒரு பங்கு பலம் மிச்சம்னு அதே கையேடு சொல்லுது. சேத்துல வண்டி தானே வெட்டி வச்ச பாதை அங்க இருக்கே.

தண்ணிக்குள்ள விழுந்த ரயில்

இப்போ நான் சொல்லப்போறது குமரி எல்லைக்கு வெளிய, கொல்லத்துக்குப் பக்கத்துல. 1988 ஜூலை 8. பெங்களூர்ல இருந்து வந்த ஐலண்ட் எக்ஸ்பிரஸ் பெருமண்ல அஷ்டமுடிக் காயல் பாலத்துமேல போகும்போது தடம் புரண்டு, பெட்டிகள் தண்ணிக்குள்ள விழுந்துச்சு. 105 பேர் இறந்தாங்க. சூறைக்காத்துதான் காரணம்னு ரயில்வே விசாரணை சொன்னதை அந்தப் பகுதி மக்கள் பலர் இன்னைக்கும் ஏத்துக்கல. அந்த ரயில் இன்னைக்கும் பெங்களூருக்கும் கன்னியாகுமரிக்கும் நடுவுல ஓடுது. உங்கள்ல சில பேர் பொங்கலுக்கு ஊருக்குப் போறதே அதுலதான்.

காயல் சேத்துல புதைஞ்ச பெட்டிகளை எடுக்குற வேலைக்கு கலாசிகளும் வந்தாங்க. கோழிக்கோடு பக்கத்துல பேப்பூர்னு ஒரு துறைமுகம். உரு என்ற பெரிய மரக்கப்பல் கட்டுற ஊர். கட்டி முடிச்ச கப்பலைக் கரையில இருந்து தண்ணிக்கு இறக்குறது மாப்பிளா கலாசிகளோட பரம்பரைத் தொழில். அவங்க கையில இருந்தது கயிறு, கப்பி, உருளைத் தடி, அப்புறம் தாவர் என்ற மரச் சுழலி. செங்குத்தா நிக்கிற மர உருளை, அதுல குறுக்க நீளமான தடிகள். ஆட்கள் தடியைத் தள்ளிக்கிட்டே சுத்தி வருவாங்க, கயிறு உருளையில சுத்திக்கும்.

கணக்கு போட்டுப் பார்ப்போம். தடி ரெண்டு மீட்டர், உருளையோட ஆரம் 20 சென்டிமீட்டர்னு வச்சுக்குங்க. பலம் பத்து மடங்கு ஆயிடும். எட்டுப் பேர் ஆளுக்கு 20 கிலோ பலம் கொடுத்தா 160 கிலோ. கயித்துல அது 1,600 கிலோ. நடுவுல ரெண்டு மூணு கப்பி சேர்த்தா இன்னும் பல மடங்கு. நடுவுல ஒருத்தர் பாடுவார், மத்தவங்க பதில் குரல் கொடுப்பாங்க. கரமடியில கேட்ட அதே உத்தி.

கிரேன் கெட்டியான தரையில நின்னாத்தான் தூக்க முடியும், காயல் நடுவுல அதுக்கு நிக்க இடம் தேடணும். கயித்துக்கு அந்தப் பிரச்சினை இல்ல. கரையில எங்க வேணும்னாலும் கட்டிக்கலாம். 'பழைய முறை', 'புது முறை'ன்னு நாம சுலபமாப் பிரிச்சிடுறோம். விபத்து நடந்த இடம் அப்படிப் பிரிச்சுப் பார்க்குறதில்ல. அந்த இடத்துக்கு எது ஒத்து வருதோ அதுதான் சரியான கருவி.

கப்பி ஒண்ணு, பலம் ரெண்டு

இன்னைக்கு வர்ற ரெக்கவரி வேன்ல என்னென்ன இருக்கும்? முக்கியமானது வின்ச், அதாவது ஒயர் ரோப் சுத்தின உருளை. அதோட திறந்து மூடுற கப்பி ஒண்ணு. இந்தக் கப்பி பார்க்கச் சின்னது. ஆனா இதை விழுந்த வண்டியில மாட்டி, ரோப்பை அதுக்குள்ள விட்டு, முனையைத் திரும்பக் கொண்டு வந்து இழுக்குற வண்டியிலேயே கட்டினா, 5 டன் வின்ச் கிட்டத்தட்ட 10 டன் இழுக்கும். உராய்வுல கொஞ்சம் போயிடும். வேகம் பாதியாக் குறையும். அதே கப்பியை எதிர்ல இருக்குற மரத்துல கட்டினா பலம் கூடாது, ஆனா இழுக்குற திசை மாறும். ரோடு அகலம் இல்லாத குமரி மாவட்டத்துல பல நேரம் பலத்தைவிடத் திசையை மாத்துறதுதான் தேவை. ரோட்டை அடைச்சு நிக்காம, ரோட்டோட நீளத்துலேயே வண்டியை நிறுத்திட்டுப் பக்கவாட்டுல இழுக்கலாம்.

எந்த மரத்துல கட்டுறது? குமரியில கண்ணுல முதல்ல படுறது தென்னை. தென்னைக்கு ஆணிவேர் கிடையாது, சல்லிவேர்தான். அதனால விவரமானவங்க ஒத்தத் தென்னையை நம்ப மாட்டாங்க. கட்டினா அடித்தூர்ல கட்டுவாங்க, ரெண்டு மூணு மரத்துக்குப் பங்கு போட்டுக் கட்டுவாங்க. மரமே இல்லைன்னா குழி வெட்டி ஒரு தடியைப் படுக்க வச்சுப் புதைச்சு, அதுல கட்டுறதும் உண்டு.

சின்ன வண்டிகளுக்கு இப்போ படுக்கைத் தட்டு வண்டி, அதாவது பிளாட்பெட் வந்துடுச்சு. தட்டு பின்னால சரியும், கார் மேல ஏறும், நாலு சக்கரத்தையும் பெல்ட்டால கட்டிடுவாங்க. இது வெறும் சொகுசு இல்ல. ஆட்டோமேட்டிக் கார்கள் பலதுல எஞ்சின் ஓடினாத்தான் கியர்பாக்ஸுக்குள்ள ஆயில் சுத்தும். எஞ்சினை நிறுத்திட்டு இழுத்தா உள்ள எண்ணெய் இல்லாமத் தேயும். மின்சாரக் கார்ல சக்கரம் சுத்தினா மோட்டாரும் சுத்தும், அது ஜெனரேட்டரா மாறி மின்சாரம் உண்டாக்கும். ரெண்டையும் கயிறு கட்டி இழுக்குற காலம் போச்சு. வீட்டுல மின்சாரக் கார் இருந்தா, கையேட்டுல டோயிங் பக்கத்தை இன்னைக்கே ஒரு தடவை படிச்சிடுங்க.

பெரிய வண்டிகளோட கதை வேற. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியா வர்ற டாரஸ் லாரிகள், பாறையும் எம்-சாண்டும் ஏத்திக்கிட்டு களியக்காவிளை தாண்டிக் கேரளாவுக்குப் போறது மாவட்டத்துல பெரிய விவாதம். அளவுக்கு மீறி ஏத்துறாங்க, ரோடு கெடுது, விபத்து நடக்குதுன்னு மக்கள் போராடுறாங்க. மீட்பு வேலை பக்கத்துல இருந்து இதைப் பாருங்க. கணக்கு முழுக்க எடையை வச்சுத்தான். சீட்டுல ஒரு எடை, உண்மையில வேற எடைன்னா, கப்பியைத் தேர்ந்தெடுக்கிறவர் பொய்யான எண்ணை நம்பி வேலை செய்யறார். அறுந்து போற ரோப்புக்கு முன்னால நிக்கிறதும் அவர்தான்.

சட்டம் என்ன சொல்லுது?

1989-ல வந்த சாலை விதிகள்ல கட்டி இழுக்குறதுக்குன்னே ஒரு பிரிவு இருந்துச்சு. ரெண்டு வண்டிக்கும் நடுவுல இடைவெளி 5 மீட்டரைத் தாண்டக்கூடாது. கயிறோ செயினோ மத்தவங்க கண்ணுக்குத் தெளிவாத் தெரியணும். முன்சக்கரத்தைத் தூக்கி வைக்கலைன்னா, இழுபடுற வண்டியில லைசென்ஸ் உள்ள ஒருத்தர் ஸ்டியரிங்ல உட்காரணும். பின்னால வெள்ளைப் பலகையில கறுப்பு எழுத்துல 'ஆன் டோ'ன்னு எழுதியிருக்கணும். வேகம் மணிக்கு 24 கி.மீ.க்கு மேல கூடாது. 24 ஏன்? 15 மைலைக் கிலோமீட்டரா மாத்திப் பாருங்க, விடை வந்துடும். 2017-ல இந்த விதிகளோட இடத்துல புது ஒழுங்குமுறை வந்துச்சு.

வண்டியை எடுத்துட்டுப் போற அதிகாரம் 1988 மோட்டார் வாகனச் சட்டத்தோட 127-வது பிரிவுல இருக்கு. பொது இடத்துல 10 மணி நேரமோ அதுக்கு மேலயோ விட்டுட்டுப் போன வண்டி, தடை உள்ள இடத்துல நிறுத்தின வண்டி, போக்குவரத்துக்கு ஆபத்தா நிக்கிற வண்டி, இதை அகற்றச் சீருடையில இருக்குற போலீஸ் அதிகாரி அனுமதி கொடுக்கலாம். செலவு உரிமையாளர் தலையில. சென்னையில உங்க பைக்கைத் தூக்கிட்டுப் போறதும் இந்தப் பிரிவோட வேலைதான்.

கவனிச்சீங்களா? வண்டிக்கு விதி இருக்கு, கயித்துக்கு விதி இருக்கு, செலவு யாருதுன்னு விதி இருக்கு. நடுராத்திரி ரோட்டுக்கு நடுவுல குனிஞ்சு கொக்கி மாட்டுறவரைப் பத்தி இதுல எதுவும் பேசல. அவருக்குப் பின்னால 80 கி.மீ. வேகத்துல வண்டிகள் போய்க்கிட்டே இருக்கும். சட்டனூகாவுல ஹோம்ஸ் ஊர்லயே டோயிங் தொழிலுக்கு ஒரு அருங்காட்சியகம் இருக்கு. அங்க 2006-ல ஒரு நினைவுச் சுவர் வச்சாங்க, வேலை நேரத்துல உயிர்விட்ட மீட்புத் தொழிலாளர்களோட பேர் பொறிச்ச சுவர். நம்ம ஊர்ல அப்படி ஒரு பட்டியல் எழுத ஆரம்பிச்சா எத்தனை பேர் வருவாங்கன்னு யோசிங்க. விபத்துச் செய்தியில டிரைவர் பேர் வரும், பயணிகள் பேர் வரும். வண்டியை எடுத்தவங்க 'கிரேன் மூலம் அகற்றப்பட்டது'ங்கிற மூணு வார்த்தைக்குள்ள காணாமப் போயிடுவாங்க.

கேட்டுட்டுப் போறவங்களுக்கு

முடிக்கிறதுக்கு முன்னால, இந்த வரலாறு கொடுக்குற சில உபயோகமான விஷயங்கள்.

இழுபடுற ரோப்புக்குப் பக்கத்துல நிக்காதீங்க, தாண்டாதீங்க. அறுந்தா அது சாட்டை மாதிரி திரும்பும். ரோப் எவ்வளவு நீளமோ அவ்வளவு தூரமாவது தள்ளி நில்லுங்க. பழகினவங்க ரோப்புக்கு நடுவுல ஒரு நனைஞ்ச சாக்கைப் போடுவாங்க. அறுந்தாலும் அதோட கனம் ரோப்பைக் கீழ அழுத்தும். நைலான் கயிறுன்னு அலட்சியம் வேண்டாம், அது இழுபட்டு நீளும், நீண்டதெல்லாம் திரும்பி வரும்.

உள்ள ஆள் மாட்டிக்கிட்டா, ஆர்வத்துல பத்துப் பேர் சேர்ந்து வண்டியை இழுக்க வேண்டாம். வண்டி அசைஞ்சா உள்ள இருக்குறவரோட காயமும் அசையும். கட்டை போட்டு வண்டியை அசையாம நிறுத்துங்க, 108-க்கும் தீயணைப்பு நிலையத்துக்கும் சொல்லுங்க. முட்டுக்கட்டை போட வேண்டிய நேரம் அது.

மீட்பு வேலை நடக்குற இடத்தைத் தாண்டும்போது வேகத்தைக் குறைங்க. வீடியோ எடுக்க வண்டியை நிறுத்தாதீங்க.

உதயகிரியில ஆயிரம் பேரும் பதினாறு யானையும் சேர்ந்து செய்ய முடியாத வேலையை இன்னைக்கு மூணு பேர், ஒரு வின்ச், ரெண்டு கப்பி, நாலு மரக்கட்டை செஞ்சு முடிச்சிடுது. நடுவுல வந்தது இரும்பும் டீசலும் மட்டும் இல்ல. எங்க கட்டணும், எப்போ நிறுத்தணும்னு தெரிஞ்ச ஆட்களோட அறிவும் கூடவே வந்துச்சு. அதுல பெரும்பகுதி எந்தப் புத்தகத்துலயும் இல்ல. பட்டறைகள்ல, டிப்போக்கள்ல, கடற்கரையில, தேரடியில ஆள்கிட்ட இருந்து ஆளுக்குப் போய்க்கிட்டு இருக்கு. உங்க ஊர்ல பழைய பிரேக்டவுன் வண்டி ஓட்டினவர், பட்டறை வச்சிருந்தவர், தேருக்குத் தடி போட்டவர் யாராவது இருந்தா, உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசுங்க. போன்ல பதிவு பண்ணி வைங்க. அவங்க சொல்றதை நாம கேட்கத் தயாரா இருக்கோம்.

அடுத்த எபிசோடுல சந்திப்போம். ரோட்டுல பார்த்துப் போங்க.